எந்த ஊர் டபுள்?

ஜனவரி 12, ஞாயிறு

மத்தியானத்துக்கு வைத்த ரோஸ்ட் இறைச்சி காய்ந்து கட்டையாகிவிட்டது. பன்னிரண்டரைக்கு வருகிறோம் என்று சொன்ன என் மகள் ப்ரையனியும் அவளைக் கட்டிக்கொள்ளப் போகும் ரோரியும் வந்தது இரண்டு மணிக்கு. கேட்டால், வழியில் "அப்பா வீட்டுல ஒரு நிமிஷம்" இறங்கினார்களாம். அந்த வீட்டில் ஒரு நிமிஷம் என்றால் அப்படித்தான். டோனா கேக் சுட்டு வைத்திருப்பாள். என் புருஷனைக் கொத்திக்கொண்டு போனதும் இப்படி ஏதாவது சுட்டு வைத்துத்தான்.

கல்யாணத் தேதி முடிவாகிவிட்டது. மார்ச் 15, ஆல்னிக் பதிவு அலுவலகம். அப்புறம் ஆம்பிள் கடற்கரையில் ஃபோட்டோ. வெள்ளை கவுன் கிடையாது. ஒரு பாவாடை, பூட்ஸ், மேலே கொக்கி ஊசியால் பின்னிய ஒரு குரோஷா ஸ்வெட்டர். அவள் அதைச் சொன்னதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நான் போட்டுத் தருகிறேன் என்று வாயைத் திறப்பதற்குள் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"முன்பக்கமும் வலது கையும் நீ போடும்மா. பின்பக்கமும் இடது கையும் டோனா."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். "ஏன், முழுசா ஒருத்தி போட்டா ஆகாதா?"

"பட்டமளிப்பு விழா ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. ஃபோட்டோவில் அவள் பக்கத்தில் யார் நிற்பது என்று படிக்கட்டிலேயே நானும் டோனாவும் கத்திக்கொண்டதும், ப்ரையனி அந்தக் கறுப்பு அங்கியோடு விறுவிறுவென்று நடந்து போய்விட்டதும். எங்கள் யாரிடமும் அந்த நாளின் ஃபோட்டோ ஒன்றுகூட இல்லை.

"ரெண்டு பேரும் சேந்து ஒரே ஒரு ஸ்வெட்டர் போட்டுக் குடுங்க. குடுத்தா சாட்சிக் கையெழுத்து நீங்க ரெண்டு பேரும்தான். நடுவுல சண்டைன்னு ஒண்ணு வந்துச்சு, ரெண்டு பேரும் வர வேண்டாம். தெருவுல போற ரெண்டு பேரக் கூப்பிட்டு கையெழுத்து வாங்கிக்கறேன். சட்டத்துக்கு அது போதும்."

ரோரி குனிந்த தலை நிமிராமல் உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தான்.

பெற்றவள் நான். என் மகள் கல்யாணத்துக்கு நான் பரீட்சை எழுதிப் பாஸாகி உள்ளே போக வேண்டும். அதுவும் யாரோடு சேர்ந்து? சக்களத்தியோடு. ஊர் சிரிக்கும்.

ஜனவரி 14, செவ்வாய்

நூல் வந்துவிட்டது. வானம் மூடிக் கிடக்கும் நாளில் கடல் தெரியுமே, அந்தச் சாம்பல் பச்சை. ப்ரையனியே வாங்கி இருவருக்கும் பாதிப் பாதி அனுப்பியிருக்கிறாள். டோனா சிவப்பு வைக்கலாம் என்றாளாம். சண்டர்லாந்துக்காரி வேறென்ன சொல்வாள்? அவர்கள் ஃபுட்பால் அணியின் சட்டை நிறம். என் மகள் எதிரணி நியூகாசில் பக்கத்துப் பெண். நல்லவேளை, நிறத்தை அவளே முடிவு செய்தாள்.

பின்னும் குறிப்பு ஏதோ ஓர் இணையதளத்தில் இருக்கிறதாம். நம் உடம்பு அளவைத் தட்டி, கழுத்து எப்படி, கை எவ்வளவு, உடம்பு எவ்வளவு தொளதொளப்பு என்று விருப்பத்தைச் சொன்னால், எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று அதுவே கணக்குப் போட்டுத் தந்துவிடும். ஆளுக்கு ஏற்ற ஸ்வெட்டர். முழுப் பக்கத்தையும் அவள் அனுப்பவில்லை. என் பங்கை மட்டும் ஃபோனில் படம் பிடித்து அனுப்பியிருக்கிறாள். கூடவே ஒரு செய்தி: "நீளம் எவ்ளோ, கை எவ்ளோ எல்லாம் நான் முடிவு பண்ணிட்டேன். ரெண்டு பேரும் எண்ணிக்கைய மட்டும் பாத்துப் போடுங்க. எங்கிட்டயோ ஒருத்தர்கிட்ட ஒருத்தரோ ஒரு கேள்வி கேக்கக் கூடாது. கேள்வியிலதான் நீங்க ரெண்டு பேரும் ஆரம்பிப்பீங்க."

நான் ஏன் அவளிடம் கேள்வி கேட்கப் போகிறேன்? குரோஷாவில் அவளிடம் கேட்க எனக்கு என்ன இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் மிஸ் ராப்சன் கையில் அளவுகோலோடு நின்று சொல்லித் தந்தது. அவள் கற்றது யூடியூபில். லாக்டவுன் சமயத்தில் ஊரே ரொட்டி சுட்டபோது இவள் கொக்கி ஊசி எடுத்தாள் என்று ப்ரையனியின் அப்பா கீத் பெருமையாகச் சொன்னார். கேட்டேனா நான்?

ஜனவரி 18, சனி

ஆரம்பித்துவிட்டேன். அடிச் சங்கிலி போட்டு முதல் வரிசை. எல்லாமே டபுள் என்கிற தையல், வரிசைக்கு வரிசை டபுள். சுலபம். தூக்கத்தில்கூடப் போடுவேன். கொக்கியை விட்டு, நூலை இழுத்து, இரண்டையும் சேர்த்து மூடு. நெருக்கமாக, உறுதியாக வருகிறது. வடக்குக் காற்று உள்ளே நுழைய வேண்டுமானால் அனுமதி கேட்க வேண்டும்.

டோனா தளரப் போடுவாள். பார்க்காமலே சொல்வேன். அவள் எதையுமே தளரத்தான் போடுவாள்.

ஜனவரி 21, செவ்வாய்

இன்று நான் வேலை பார்க்கும் விலங்கு மருத்துவமனையில் ஒரு பூனை டாக்டரைக் கடித்துவிட்டது. நல்ல பூனை.

ஜனவரி 27, திங்கள்

கீத் ஃபோன் செய்தார். காரின் இன்ஷூரன்ஸ் தாள் ஏதோ என் வீட்டில் கிடக்கிறதா என்று கேட்கத்தான். பொய். வேவு பார்க்கத்தான்.

"டோனா பாதிக்கு மேல முடிச்சிட்டா. நீ எங்க இருக்க?"

"நான் என் வீட்ல இருக்கேன். நீங்க கெளம்பிப் போனீங்களே, அந்த வீட்ல."

"அதுக்கில்ல மோய்ரா—"

"ஸ்வெட்டர் பத்தி கேள்வி கேக்கக் கூடாதுன்னு ப்ரையனி சொல்லியிருக்கா. வைங்க ஃபோன."

பாதிக்கு மேல் முடித்துவிட்டாளாமே! அதே எண்ணிக்கைதானே அவளுக்கும்? வேலைக்குப் போகாமல் நாள் முழுக்க உட்கார்ந்து போடுகிறாளா? இன்று ஆறு வரிசை கூடுதலாகப் போட்டேன். கழுத்து பிடித்துக்கொண்டது. பிடிக்கட்டும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

முன்பக்கம் முடிந்தது. எண்ணிக்கை சரி. இரண்டு தடவை எண்ணிவிட்டேன்.

ஆனால் குட்டை. ரொம்பக் குட்டை. என் மேல் வைத்துப் பார்த்தால் விலா எலும்போடு நிற்கிறது. மகள் என்னைவிட உயரம். தொப்புள் தெரியும். மார்ச் மாதம் ஆம்பிள் கடற்கரையில் தொப்புளைக் காட்டிக்கொண்டு கல்யாணம்!

இந்தக் காலத்துப் பெண்கள் அப்படித்தான் போடுகிறார்கள். எங்கள் மருத்துவமனைக்கு நாய் கூட்டிவரும் பிள்ளைகளில் பாதிப் பேர் பனியிலும் வயிற்றைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறார்கள். 'நீளம் நான் முடிவு பண்ணிட்டேன்' என்றாளே, இதைத்தான் சொன்னாள் போலிருக்கிறது. கேட்கலாம். கேட்டால் "ஆரம்பிச்சிட்டியா" என்பாள். கேட்க மாட்டேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கும் தெரியும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

வலது கையும் முடிந்தது. முழங்கைக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. சரி, முக்கால் கை. ஃபேஷன். எனக்கென்ன.

சனிக்கிழமை மூவரும் ஆல்னிக்கில் ஒரு டீக்கடையில் சந்திக்கிறோம், துண்டுகளைச் சேர்த்துப் பார்க்க. கீத்தும் வருகிறாராம். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம். முடியும். என் மகளுக்காக முடியும். பேப்பரில் என் பெயர் இருக்க வேண்டும், அந்தக் கையெழுத்து எனக்கு வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

பிப்ரவரி 15, சனி

முடிந்தது. எல்லாம் முடிந்தது. நான் ஏன் வாயைத் திறந்தேன்?

முதலில் இருந்து எழுதுகிறேன். டீ வந்தது, ஸ்கோன் ரொட்டி வந்தது. டோனா லிப்ஸ்டிக்கும் சிரிப்புமாக உட்கார்ந்திருந்தாள். "மோய்ரா, நல்லா இருக்கீங்களா? கொஞ்சம் எளச்ச மாதிரி தெரியுதே." இளைக்கவில்லை. அவளுக்கும் தெரியும். நான் சிரித்தேன். தாடை வலிக்கச் சிரித்தேன்.

ப்ரையனி மேசையைத் துடைத்துவிட்டு என் முன்பக்கத்தை விரித்தாள். அதன் மேல் டோனாவின் பின்பக்கத்தை வைத்தாள்.

அவளுடையது என்னுடையதைப் போல இரண்டு மடங்கு நீளம். அகலம் சரியாகப் பொருந்துகிறது, தோள் பொருந்துகிறது, கீழே மட்டும் மேசையை விட்டுத் தொங்குகிறது. கையும் அப்படித்தான். என்னுடையது முழங்கை, அவளுடையது மணிக்கட்டையும் தாண்டி.

கீத் ஸ்கோனை வாயருகில் பிடித்தபடி அப்படியே உறைந்துவிட்டார்.

டோனாதான் ஆரம்பித்தாள். இதை நான் குறித்து வைக்கிறேன், அவள்தான் ஆரம்பித்தாள். தலையைச் சாய்த்துக்கொண்டு தேன் ஒழுகக் கேட்டாள்: "நூல் தீந்து போச்சா மோய்ரா? சொல்லியிருந்தா நான் குடுத்திருப்பேனே."

"என் நூல் மிச்சம் இருக்கு. உன் எண்ணிக்கைதான் எங்கயோ போயிருக்கு. இது ஸ்வெட்டரா, கட்டில் விரிப்பா?"

"சொன்ன எண்ணிக்கைதான் போட்டேன். உங்க பாதியப் போட்டுட்டுக் கடற்கரையில நின்னா பிள்ளைக்கு நிமோனியா வரும்."

"அம்மா, டோனா, ப்ளீஸ்—"

அங்கே நிறுத்தியிருக்கலாம். ப்ரையனி 'ப்ளீஸ்' என்றபோது அவள் குரல் சின்ன வயசுக் குரலாக இருந்தது. எனக்குக் காதில் விழுந்தது. விழுந்தும் சொன்னேன்: "அடுத்தவ வீட்டுல கைய வைக்கறப்போதான் உனக்கு அளவு தெரியாதுன்னு நெனச்சேன். நூல்லயுமா தெரியல?"

கடையே திரும்பிப் பார்த்தது. டோனா முகம் வெளுத்தது. பிறகு அவளும் விடவில்லை. நான் வேண்டுமென்றே குட்டையாகப் போட்டேனாம், ஸ்வெட்டர் கெட்டுப்போனால் பழியை அவள் மேல் போட்டு அவளை வெளியே தள்ளலாம் என்று. "உங்களுக்குக் கல்யாணம் முக்கியமில்ல, நான் வரக் கூடாது, அதான் முக்கியம்!" அட பாவி! நான் கெடுப்பேனா, என் மகளுடையதை?

ப்ரையனி எழுந்து கோட்டை மாட்டினாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலாம்.

"ஒரே ஒரு ஸ்வெட்டர் கேட்டேன். தெருவுல போறவங்களாவது எனக்காக ஒரு நிமிஷம் வாய மூடிட்டு நிப்பாங்க. ரெண்டு பேரும் வர வேண்டாம்."

துண்டுகளை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். டோனா அவளுடையதை எடுத்தாள், நான் என்னுடையதை எடுத்தேன். கீத் பில் கேட்டார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மூன்று முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

ரோரி ஒரு செய்தி அனுப்பினான். "அவ நல்லாருக்கா. கொஞ்ச நாள் விடுங்க. எனக்கும் இது கஷ்டமா இருக்கு." நல்ல பையன். என் மகளை இவனிடம் கொடுப்பதில் எனக்குக் குறையில்லை. கொடுப்பது என்ன, நான் அங்கே இருந்தால்தானே!

வேலையில் ஒரு கிழவருக்குப் பில் போடும்போது கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் நாய்க்காக நான் அழுகிறேன் என்று நினைத்து, "கவலப்படாத கண்ணு, வெறும் காதுப் புண்ணுதான்" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

எழுதவே கூசுகிறது. ஆனால் இங்கே எழுதாவிட்டால் எங்கே எழுதுவது.

டோனா தப்பு என்று நிரூபிக்க நினைத்தேன். அவள் எந்த யூடியூபில் கற்றாள் என்று எனக்குத் தெரியும், யாரோ ஒரு அமெரிக்கக்காரியின் சானல், வீடு முழுக்கப் பூசணிக்காய் பொம்மை வைத்திருப்பாள். அதைப் போட்டேன். எந்த இடத்தில் தப்பு என்று கண்டுபிடித்து, படம் பிடித்து, ப்ரையனிக்கு அனுப்பி, பார் உன் டோனா கற்ற லட்சணத்தை என்று—

அந்த அமெரிக்கக்காரி "இப்போ டபுள் போடப்போறோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். சொல்லிவிட்டு நூலைக் கொக்கியில் ஒருமுறை சுற்றி, உள்ளே விட்டு, இழுத்து, இரண்டு இரண்டாக மூடுகிறாள். அது டபுள் இல்லை. அது ட்ரெபிள், உயரத் தையல்! மிஸ் ராப்சன் பார்த்தால் கையிலேயே ஒன்று வைத்திருப்பாள். என்னடி இது, டபுள்னு சொல்லிட்டு ட்ரெபிள் போடற என்று ஃபோனைப் பார்த்துக் கத்தினேன்.

அடுத்த வீடியோ. இன்னொருத்தி. அவளும் அப்படியே. அப்புறம்தான் கீழே யாரோ எழுதியிருந்ததைப் படித்தேன். அமெரிக்காவில் டபுள் என்றால் உயரத் தையல். இங்கே டபுள் என்றால் குட்டைத் தையல். ஒரே பெயர், இரண்டு ஊர், இரண்டு தையல். அது ஒரு வரிசை போட்டால் நம்முடையது இரண்டு போட வேண்டும்.

ப்ரையனியின் இணையதளத்தைத் தேடிப் பிடித்தேன். பக்கத்தின் உச்சியிலேயே இருக்கிறது: அமெரிக்கப் பெயர்கள். அவளுக்குக் குரோஷாவே தெரியாது, அவள் என்ன கண்டாள்? எங்கள் பங்கை மட்டும் வெட்டி அனுப்பிவிட்டாள். ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கத்தான் தடையாயிற்றே. தடை எங்கள் இருவரால்தானே.

ஆக, டோனா சரி. நான் தப்பு.

எழுதிவிட்டேன். போதுமா?

பிப்ரவரி 24, திங்கள்

தப்பு என்ன தப்பு? இது இங்கிலாந்து. இங்கே டபுள் என்றால் டபுள். டோனா பிறந்து வளர்ந்தது சண்டர்லாந்தில், அமெரிக்கக்காரி சொன்னதைப் போட்டால் அது யார் தப்பு?

ஆனால் ஸ்வெட்டர் அந்த அமெரிக்கக்காரி பக்கம்தான் பேசுகிறது. அதற்கு என்ன செய்ய.

பிப்ரவரி 26, புதன்

பிரித்துவிட்டேன்.

வேலையிலிருந்து வந்தேன், டீகூடப் போடவில்லை, கோட்டோடு உட்கார்ந்து முனையைத் தேடி இழுத்தேன். வரிசை வரிசையாகக் கழன்று வந்தது. மூன்று வாரம் கழுத்தைப் பிடித்துக்கொண்டு போட்டது, டிவியில் செய்தி முடிவதற்குள் மடியில் நூடுல்ஸ் மாதிரி சுருண்டு கிடக்கிறது. கையைத் தொட்டபோதுதான் அழுதேன், அந்தக் குட்டிக் கை.

டோனாவிடம் போய் "நீ சரி" என்று சொல்வதற்கு இந்த நூலை வேகவைத்துத் தின்றுவிடுவேன். சொல்லப் போவதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. உயரத் தையலில் புதிதாகப் போட்டு, அவளுடைய பாதியோடு பொருந்த வைத்து, மகள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். ப்ரையனி கல்யாணத்தன்று குளிரில் நடுங்காமல் இருந்தால் சரி. என்னைக் கூப்பிட்டாலும் சரி, கூப்பிடாவிட்டாலும் சரி.

கூப்பிடாவிட்டால் சரியில்லை. யாருக்குப் பொய் எழுதுகிறேன்?

மார்ச் 2, ஞாயிறு

நூலைத் துவைத்து, நாற்காலி முதுகில் சுற்றிக் காயவைத்து, மறுபடி உருண்டையாக்கி, ஆரம்பித்தாயிற்று. உயரத் தையல் ஓட்டமாக ஓடுகிறது. டோனா சீக்கிரம் முடித்ததில் அதிசயமே இல்லை, தளரப் போட்டால் கை ஓடத்தானே செய்யும்! தொளதொளவென்று இருக்கிறது. காற்று உள்ளே வந்து உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போகலாம். ஆனால் அழகாகத் தொங்குகிறது. அதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

மார்ச் 10, திங்கள்

முடிந்தது. ப்ரையனிக்குச் செய்தி அனுப்பினேன். "முன்பக்கமும் கையும் தயார். வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன். உள்ளே வரமாட்டேன்."

நாள் முழுக்க ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பதில்: "வெள்ளிக்கிழமை நாலு மணி." அவ்வளவுதான். வெள்ளிக்கு மறுநாள் கல்யாணம்.

மார்ச் 14, வெள்ளி

ஆம்பிளில் ப்ரையனி வீட்டு வாசலில் ஏற்கெனவே ஒரு கார். டோனாவுடையது. வண்டியைத் திருப்பிவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் ரோரி கதவைத் திறந்துவிட்டான்.

டோனா முன்னறையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லிப்ஸ்டிக் இல்லை. "வணக்கம் மோய்ரா." நான் தலையை ஆட்டினேன்.

"ரெண்டு பேரும் ஏறக்கொறைய ஒரே செய்திதான் அனுப்பியிருந்தீங்க" என்றாள் ப்ரையனி. "வைங்க தரையில."

நான் என் முன்பக்கத்தை விரித்தேன். நீளம், அழகு. டோனா அவளுடைய பின்பக்கத்தை எடுத்து அதன் மேல் வைத்தாள்.

பாதிதான் இருந்தது.

நெருக்கமாக, உறுதியாக, குட்டையாக. இடது கை முழங்கையோடு. அப்படியே என் பழைய பாதி, பக்கம் மட்டும் மாறி.

"என்ன பண்ணி வெச்சிருக்க?" என்று கத்தினேன். "நல்லாத்தானே இருந்துச்சு! யாரு உன்ன மாத்தச் சொன்னா?"

"நீங்க எதுக்கு மாத்துனீங்க? நான் உங்க மாதிரியே போட்டா உங்களுக்கு அதுவும் பிடிக்காதா?"

"உன் மாதிரி போட்டுத் தொலைச்சேன்டி! அது அமெரிக்க டபுள்! நீ போட்டதுதான் சரி!"

"லைப்ரரி புஸ்தகத்துல பாத்தேன். நம்ம ஊர்ல டபுள்னா குட்டைத் தையல்னு போட்டிருக்கு. நீங்க பள்ளிக்கூடத்துல இருந்து போடறவங்க. நீங்க தப்பா போட மாட்டீங்க, நான்தான் தப்புன்னு நெனச்சேன்."

இத்தனை வருஷத்தில் அவள் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை, அதையும் கோபமாகத்தான் சொன்னாள்.

ப்ரையனி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இருங்க. அம்மா, நீ முழுசாப் பிரிச்சியா? டோனா, நீங்களும் முழுசாப் பிரிச்சீங்களா?"

டோனா கம்பளத்தைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"ஒருத்தருக்கு ஒருத்தர் ஃபோன் பண்ணி 'எந்த ஊர் டபுள்'னு கேக்க வாய் வரல. முழு ஸ்வெட்டரையும் பிரிக்கக் கை வந்துச்சு. அப்படித்தானே?"

"நீதானே கேக்கக் கூடாதுன்னு சொன்ன" என்றேன்.

"ஆமா" என்று டோனாவும் சொன்னாள். முதல்முறையாக ஒரே கட்சி.

ப்ரையனி தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான் போல. ரோரி போய்க் கெட்டிலைப் போட்டான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இதையேதான் போடப்போறேன். இப்படியே. தைங்க."

"கண்ணு, இது அலங்கோலமா இருக்கும்" என்றாள் டோனா.

"அலங்கோலம்தான். தைங்க."

வலது பக்கம் நான், இடது பக்கம் அவள். எதிரெதிரே உட்கார்ந்து தைத்தோம். நடுவில் அவள் என் கத்தரிக்கோலைக் கேட்காமல் எடுத்தாள். முறைத்தேன். திருப்பி வைத்தாள். ப்ரையனி கதவருகே நின்றுகொண்டு கடைசியாகச் சொன்னாள்: "நாளைக்குப் பதினொரு மணி. வந்தா ரெண்டு பேரும் வாங்க. உள்ள ஒருத்தர் ஒருத்தரப் பாத்து ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை வந்துச்சு, தெருவுல ஆள் இருக்கு."

மார்ச் 15, சனி

கல்யாணம் ஆகிவிட்டது.

காற்று என்றால் காற்று, அலுவலகக் கதவையே பிடுங்கிக்கொண்டு போகிற காற்று. ப்ரையனி காரிலிருந்து இறங்கினாள். முன்பக்கம் தொடை வரை தொங்குகிறது, பின்பக்கம் விலா எலும்போடு நின்றுவிட்டது. வலது கை விரல் வரை, இடது கை முழங்கை வரை. பார்க்கச் சகிக்கவில்லை. இவ்வளவு அழகான மணப்பெண்ணை நான் பார்த்ததே இல்லை.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. டோனா இளஞ்சிவப்பில் ஒரு தொப்பி போட்டு வந்திருந்தாள், அதைப் பற்றிக்கூடப் பேசவில்லை. கீத் முதல் வரியிலேயே அழ ஆரம்பித்துவிட்டார். ரோரி மோதிரம் போட ப்ரையனியின் இடது கையைப் பிடித்தபோது, மூடாத முன்கையில் மயிர் சிலிர்த்திருந்தது. பக்கத்தில் டோனா மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. அவள் போட்ட கை அது. என் வலது கை கதகதப்பாக இருக்கிறதே என்று அந்த நேரத்திலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது.

பிறகு பதிவாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "சாட்சிகள் ரெண்டு பேர் வரலாம்."

ப்ரையனி திரும்பி வாசலைப் பார்த்தாள். வெளியே பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் அவர்களை நன்றாகப் பார்த்துவிட்டு, அப்புறம் எங்களைப் பார்த்தாள்.

நான் நகரவில்லை. முதுகில் ஒரு கை பட்டுத் தள்ளியது.

"மொதல்ல நீங்க" என்றாள் டோனா, மெதுவாக. "பெத்தவங்க."

அது ஒரு வார்த்தை இல்லை, மூன்று. ப்ரையனி கேட்டும் கேட்காத மாதிரி பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினாள். தள்ளியதற்குத் திருப்பிக் கொடுக்க என்னிடம் நல்ல பதில் ஒன்று இருந்தது. விழுங்கிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டேன். எனக்குக் கீழே அவள் போட்டாள். என் கையெழுத்தைவிடப் பெரிதாகத்தான் போட்டாள்.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் டீ போட்டுவிட்டு வெகுநேரம் யோசித்து, டோனாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். அவள் எண் என் ஃபோனில் இல்லை, கீத்திடம் வாங்கினேன்.

"உன் பின்பக்கம் நன்றாக வந்திருந்தது. குட்டை. ஆனால் நன்றாக வந்திருந்தது."

மத்தியானம் பதில் வந்தது.

"உன்னது நீளம்."